யாருகிட்டேருந்து வந்துச்சு?

என்னோட கர்ப்பப்பை வாய் டெஸ்ட் ரிப்போர்ட்ட படிச்சதும் எங்க வீட்டுக்காரர் வாயிலேருந்து வந்த மொத கேள்வி இதான். வலிக்குதா, பயமா இருக்கா, டாக்டர் என்ன சொன்னாங்க, அதெல்லாம் ஒண்ணுமே இல்ல. அடுப்புல பால் பொங்கி வழியுது, அவர் போனை கையில வச்சுக்கிட்டு நிக்கிறாரு, நான் துணிய எடுத்து அடுப்ப தொடைக்கிறேன், ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கல. அவர் கேட்டது இருக்கட்டும், உண்மைய சொன்னா அதே கேள்விதான் எனக்குள்ளயும் ஓடிக்கிட்டிருந்துச்சு, நான் அவர நெனச்சு கேட்டேன், அவர் என்ன நெனச்சு கேட்டாரு, அவ்வளவுதான் வித்தியாசம்.

முன்கதைய சொல்லிடுறேன். எனக்கு 44 வயசு. ரெண்டாவது புள்ள பொறந்தப்புறம் ஒரு தடவ பாப் ஸ்மியர், அதான் கர்ப்பப்பை வாய் செல்ல எடுத்து மாற்றம் இருக்கான்னு பாக்கற டெஸ்ட், எடுத்தது, அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போகல. வீட்டுக்கு லெட்டர் வரும், டிவி பக்கத்துல வச்சிருப்பேன், தீபாவளிக்கு வீட்ட சுத்தம் பண்ணும்போது தூக்கிப் போட்டுடுவேன். கல்யாணமாகி 20 வருஷம், ஒரே புருஷன், எனக்கெதுக்கு அதெல்லாம்னு ஒரு நெனப்பு. போன வருஷம், இங்க சிங்கப்பூர்ல ஹெல்தியர் எஸ்ஜின்னு அரசாங்க சுகாதாரத் திட்டம் இருக்கு, அதுல பதிஞ்ச கிளினிக்ல சுகருக்கு ரத்தம் குடுக்கப் போனப்ப, இதுவும் ஃப்ரீதான் எடுத்துக்கங்கன்னு சொன்னாங்க. ஃப்ரீன்னு சொன்னா வேணாம்னா சொல்வோம், எடுத்தேன். 30 வயசுக்கு மேல இப்ப இங்க பாப் ஸ்மியர் இல்ல, ஹெச்பிவிங்கற வைரஸ் இருக்கான்னு பாக்கற டெஸ்ட்தான், அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ. 25லேருந்து 29 வரைக்கும் மட்டும் பாப், மூணு வருஷத்துக்கு ஒரு தடவ. எடுக்கறப்ப நமக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும், ஒரு சின்ன பிரஷ்ஷால தேய்ச்சு எடுப்பாங்க, ரெண்டு நிமிஷம், அவ்வளவுதான்.

ரெண்டு வாரம் கழிச்சு ஆபீஸ்ல இன்வாய்ஸ் அடிச்சுக்கிட்டிருக்கேன், போன் வருது. கிளினிக்லேருந்து பேசுன அந்தப் பொண்ணு எடுத்த எடுப்புலயே உங்களுக்கு ஹெச்பிவி பாசிட்டிவ், செல்லுலயும் மாற்றம் இருக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபரல் போட்டிருக்கோம்னுச்சு. அது என்னதுன்னு கேட்டேன். உடலுறவுல பரவுற வைரஸ்னு சொல்லிட்டு வேற சந்தேகம் இருந்தா அப்பாயின்ட்மென்ட் போட்டு வாங்கன்னு வச்சிருச்சு. அந்தப் பொண்ணுக்கு அது நாள்பூரா அடிக்கிற 40 போன்ல ஒண்ணு. எனக்கு? பாத்ரூம்ல போய் அரை மணி நேரம் உக்காந்திருந்தேன். அந்த ஒரு வரிய மட்டும் கையில குடுத்து வீட்டுக்கு அனுப்புனா எந்த வீட்டுல என்ன நடக்கும்னு யோசிக்க மாட்டாங்களா? எங்க வீட்டுல நடந்தது இதான்: அவர் மூணு நாள் ஹால்ல படுத்தாரு.

அந்த மூணு நாள்ல ராத்திரி ராத்திரியா உக்காந்து படிச்சேன். அப்புறம் ஆஸ்பத்திரில ஒரு மிஸ்ஸி, அதான் நர்ஸ், தஞ்சாவூர் பக்கம், எனக்கு படம் போட்டே காட்டுனாங்க. அதெல்லாம் சேத்துதான் இத எழுதுறேன், ஏன்னா தமிழ்ல தேடுனா பாதிக்கு மேல பயமுறுத்துற வீடியோவாதான் வருது, ரெண்டு வீடியோல உடம்பு சூடுதான் காரணம்னு வேற சொல்றாங்க.

மொதல்ல ஹெச்பிவின்னா என்ன. அது ஒண்ணு இல்ல, பெரிய குடும்பம், 200 வகைக்கு மேல இருக்கு. கையில கால்ல மரு வருதே அதுவும் அந்தக் குடும்பத்து ஆளுதான். அதுல கிட்டத்தட்ட 14 வகைதான் கேன்சர் பக்கம் இழுத்துட்டுப் போற வகை, அதுலயும் 16, 18னு ரெண்டு நம்பர்தான் பெரிய ரவுடிங்க, கர்ப்பப்பை வாய் கேன்சர்ல 100க்கு 70 இந்த ரெண்டால வர்றது. எனக்கு வந்தது அந்த ரெண்டும் இல்ல, மத்த வகைன்னு ரிப்போர்ட்ல போட்டிருந்துச்சு. 52, 58 மாதிரி வகைங்க நம்ம ஆசியா பக்கம் கொஞ்சம் அதிகம்னு மிஸ்ஸி சொன்னாங்க.

இப்ப முக்கியமான விஷயம், இத மட்டும் அந்தப் போன்ல சொல்லியிருந்தா எங்க வீட்டுல அந்த மூணு நாள் மிச்சம். உடலுறவு வாழ்க்கைன்னு ஒண்ணு இருக்கிற ஆம்பளை பொம்பளை கிட்டத்தட்ட எல்லாருக்குமே வாழ்க்கைல ஏதோ ஒரு கட்டத்துல இந்த வைரஸ் வந்துட்டுப் போகும். ஜலதோஷம் மாதிரி பொது ஆளு. பத்துல ஒம்போது பேருக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள உடம்பே அத தொரத்திடும், வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. ஒரே ஒரு துணை போதும், அந்தத் துணைக்கு அதுக்கு முன்னாடி ஒரே ஒருத்தர் இருந்திருந்தா போதும். தோலோட தோல் படறதுல பரவுறதால காண்டம் போட்டாலும் கொறையுமே தவிர முழுசா தடுக்காது. எல்லாத்துக்கும் மேல, இது எப்ப வந்துச்சுன்னு சொல்ற டெஸ்ட் ஒலகத்துல கெடையாது. போன வருஷம் வந்திருக்கலாம், 20 வருஷத்துக்கு முன்ன வந்து சத்தமில்லாம ஒக்காந்திருந்துட்டு உடம்பு கொஞ்சம் அசந்த நேரம் பாத்து தல தூக்கியிருக்கலாம். ஆம்பளைங்களுக்கு வழக்கமா எடுக்கிற டெஸ்ட்டும் கெடையாது. அதனால யாருகிட்டேருந்துன்னு கேக்கறது, போன மழைல நனைஞ்ச சட்டைல எந்தத் துளி எந்த மேகத்துலேருந்து விழுந்துச்சுன்னு கேக்கற மாதிரி.

அப்ப எல்லாருக்கும் வர்றது எனக்கு மட்டும் ஏன் போகல? என்னக் கேட்டா கேக்க வேண்டிய கேள்வியே இதுதான். வைரஸ் வந்தது விஷயம் இல்ல, தங்குனதுதான் விஷயம்.

மிஸ்ஸி படம் போட்டாங்கன்னு சொன்னேன்ல. கர்ப்பப்பை வாய்ல ரெண்டு விதமான தோல் சேருது. வெளிப்பக்கம் இருக்கறது நம்ம கன்னத்துக்கு உள்பக்கம் மாதிரி அடுக்கடுக்கா கெட்டியா இருக்கும், உள்பக்கம் இருக்கறது ஒரே வரிசை, மெல்லிசு, சளி மாதிரி சுரக்கிற தோல். இந்த ரெண்டும் சேர்ற கோடு ஒரே எடத்துல நிக்காது. வயசுக்கு வந்தப்புறம், புள்ள உண்டானா வெளிய வரும், வயசாக வயசாக உள்ள போகும். ஈஸ்ட் கோஸ்ட் பீச்ல அலை ஏறி எறங்குற அந்த ஈர மணல் இருக்கே, தண்ணியும் இல்ல தரையும் இல்லாம, அந்த மாதிரி ஒரு பட்டை. அங்க ஒரு செல் இன்னொரு விதமா மாறிக்கிட்டே இருக்கும், வைரஸுக்கு புடிச்ச எடமே அதான். சின்னஞ்சிறு வயசுல அந்தப் பட்டை நல்லா வெளிய தெரியிற மாதிரி, வேகமா மாறிக்கிட்டு இருக்கும். ரொம்ப சின்ன வயசுல உடலுறவு ஆரம்பிச்சவங்களுக்கும், 20 வயசு ஆகறதுக்குள்ள புள்ள பெத்தவங்களுக்கும் ஆபத்து கூடங்கறதுக்கு இது ஒரு காரணம்னு சொல்றாங்க. ஒழுக்கத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, தோலோட வேலை அது.

உள்ள பூந்த வைரஸ் என்ன பண்ணுதுன்னா, நம்ம ஒவ்வொரு செல்லுக்கும் கண்டோ அடுக்குமாடி வாசல்ல உக்காந்திருக்கிற செக்யூரிட்டி கார்டு மாதிரி ரெண்டு காவல் புரதம் இருக்கு, பி53ன்னு ஒண்ணு, ஆர்பின்னு ஒண்ணு. செல்லு கண்டபடி பெருகாம, கெட்டுப்போனா தானா செத்துப்போற மாதிரி பாத்துக்கறது இவங்க வேலை. வைரஸ் இ6, இ7னு ரெண்டு புரதத்த அனுப்புது, ஒண்ணு பி53ய ஒழிச்சுக்கட்டுது, இன்னொண்ணு ஆர்பிய மடக்கிப் போடுது. கேட்டுல ஆளு இல்ல, அப்புறம் என்ன, செல்லு இஷ்டத்துக்கு பெருகுது. அது மேல்தோல்ல கீழ்ப்பக்கம் மூணுல ஒரு பங்கு வரைக்கும் மாறியிருந்தா சிஐஎன் 1 (சிஐஎன்னா கேன்சருக்கு முந்தின மாற்றம், நம்பர் அதோட அளவு), மூணுல ரெண்டு பங்குன்னா சிஐஎன் 2, அதுக்கும் மேல போயிருந்தா சிஐஎன் 3. இதுல எதுவும் கேன்சர் இல்ல. அடித்தோலத் தாண்டி உள்ள எறங்குனாதான் கேன்சர். சிஐஎன் 1 பெரும்பாலும் தானா போயிடும், அதுக்கு சும்மா கண்காணிப்புதான். எனக்கு வந்தது 3.

3ன்னு கேட்டதும் எனக்கு கால் ரெண்டும் துவண்டு போச்சு, மூணாவது ஸ்டேஜ்னு நெனச்சிட்டேன். அது வேற இது வேற. நியூசிலாந்துல ஒரு காலத்துல இந்த மாதிரி பொம்பளைங்கள்ல சில பேருக்கு சரியா வைத்தியம் பண்ணாம சும்மா பாத்துக்கிட்டே விட்டிருக்காங்க, அவங்ககிட்ட சொல்லாமயே, அது பின்னாடி பெரிய விசாரணையாகி நாறிப்போச்சு. அந்தக் கொடுமைலேருந்துதான் ஒரு கணக்கு ஒலகத்துக்கு கெடச்சுது: சிஐஎன் 3ய அப்படியே விட்டா 30 வருஷத்துல 100க்கு சுமார் 30 பேருக்கு கேன்சராகுது. ரெண்டு பக்கமும் பாக்கலாம் இத. அவசரப்பட்டு அழ வேண்டியதில்ல, ஆனா விட்டு வைக்கவும் கூடாது. அந்தப் பொம்பளைங்கள நெனச்சா இன்னிக்கும் எனக்கு மனசு என்னமோ பண்ணுது.

சரி, எது இத தங்க வைக்குது? என் கேஸ்ல டாக்டரம்மா ஒவ்வொண்ணா கேட்டாங்க. சிகரெட் புடிப்பீங்களா? இல்ல. வீட்டுல? அவரு புடிப்பாரு. எங்க? நான் அவரப் பாத்தேன், அவரு தரையப் பாத்தாரு. காரிடார்ல, பிளாக்குக்கு கீழ தெறந்து கெடக்கற வாய்ட் டெக்ல புடிச்சா ஃபைன், அதனால சமையக்கட்டு ஜன்னல் ஓரமா நின்னு புடிப்பாரு, 15 வருஷமா, நான் அதே எடத்துல நின்னு தோசை சுட்டுக்கிட்டிருப்பேன். சிகரெட் புடிக்கிற பொம்பளைங்களுக்கு இந்த ஆபத்து கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. புகைல உள்ள சமாச்சாரம் நுரையீரலோட நிக்கிறதில்ல, ரத்தத்துல கலந்து கர்ப்பப்பை வாய்ல ஊறுற சளி வரைக்கும் போகுது, அங்க இருக்கிற எதிர்ப்பு சக்தியயும் மந்தமாக்கிடுது. பக்கத்துல நின்னு சுவாசிக்கறவங்களுக்கு எவ்வளவுன்னு அந்தம்மா நம்பர் எதுவும் சொல்லல, நல்லதில்லன்னு மட்டும் சொன்னாங்க. அதுவே போதுமா இருந்துச்சு.

அடுத்து கர்ப்பத்தடை மாத்திரை. ரெண்டாவது புள்ளைக்கு அப்புறம் ஏழு வருஷம் போட்டேன். அஞ்சு வருஷத்துக்கு மேல தொடர்ந்து போட்டா ஆபத்து கொஞ்சம் ஏறும், நிறுத்துனா மெதுவா எறங்கி பல வருஷத்துல பழைய நெலமைக்கு வந்துடும். இத படிச்சிட்டு யாரும் நாளைக்கே மாத்திரைய தூக்கிப் போட்டுடாதீங்கம்மா, அதுல வேற நல்லதும் இருக்கு, டாக்டர்கிட்ட பேசிட்டு முடிவெடுங்க. மூணுக்கு மேல புள்ள பெத்தவங்களுக்கும் ஆபத்து கூடுதல். கிளமிடியான்னு ஒரு கிருமி இருந்தாலும் கூடும். அம்மாவுக்கோ கூடப்பொறந்தவளுக்கோ இருந்திருந்தா கொஞ்சம் கூடும், ஆனா இது பரம்பரையா எறங்குற நோய் இல்ல.

எதிர்ப்பு சக்தி கொறஞ்சவங்க விஷயம் வேற லெவல். ஹெச்ஐவி இருக்கிற பொம்பளைங்களுக்கு கர்ப்பப்பை வாய் கேன்சர் வர்ற வாய்ப்பு ஆறு மடங்குன்னு ஒலக சுகாதார நிறுவனம் சொல்லுது. சாதாரணமா இந்த மாற்றம் கேன்சராகறதுக்கு 15, 20 வருஷம் புடிக்கும், அவங்களுக்கு அது அஞ்சு, பத்து வருஷத்துலயே நடந்துடலாம். எங்க ஆபீஸ்ல ஒரு அக்கா, கிட்னி மாத்துனவங்க, அந்த கிட்னிய உடம்பு தள்ளிவிடாம இருக்க மருந்து சாப்புடறாங்க, அவங்கள வருஷா வருஷம் டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்காங்க. லூபஸ் மாதிரி நோய்க்கு நாள்கணக்கா ஸ்டீராய்டு எடுக்கறவங்களும் கண்டிப்பா டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க.

ஊறுகாய், உடம்பு சூடு, உள்ளாடைய வெயில்ல காய வைக்காதது, ஸ்விம்மிங் பூல், ஷாப்பிங் மால் டாய்லெட் சீட்டு, இதெல்லாம் காரணமான்னு நான் கேட்ட லிஸ்ட், மிஸ்ஸி சிரிச்சிட்டாங்க.

இந்த ஒழுக்கப் பேச்சு எங்கேருந்து வந்துச்சுன்னு தேடுனப்ப ஒரு சுவாரசியமான விஷயம் கெடச்சுது. இத்தாலில வெரோனான்னு ஊரு, 1842ல ரிகோனி ஸ்டெர்ன்னு ஒரு டாக்டர் சாவு கணக்க எல்லாம் எடுத்து ஒக்காந்து பாத்தாரு, கன்னியாஸ்திரிங்களுக்கு கர்ப்பப்பை கேன்சர் கொறச்சலா இருக்கு, கல்யாணமானவங்களுக்கு அதிகமா இருக்கு. கவனிங்க, கல்யாணமானவங்களுக்கு. ஆனா காரணம் ஒரு வைரஸ்தான்னு நிரூபிக்க நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. 1970கள்ல எல்லாரும் ஹெர்பிஸ் வைரஸ்தான் காரணம்னு சொல்லிக்கிட்டிருந்தப்ப ஹரால்டு சுர் ஹௌசன்னு ஒரு ஜெர்மன்காரர் ஒத்தையா நின்னு இல்ல ஹெச்பிவின்னாரு, 80கள்ல 16ஐயும் 18ஐயும் புடிச்சும் காட்டுனாரு, 2008ல நோபல் பரிசு குடுத்தாங்க. விஞ்ஞானம் அங்க போயிடுச்சு, நம்ம வாட்ஸ்அப் குரூப்பு இன்னும் வெரோனாலயே நிக்குது.

கால்போஸ்கோப்பி, அதான் கர்ப்பப்பை வாய பெருசாக்கிக் காட்டுற கருவியால பாக்கறது, அன்னிக்கு நடந்தத சொல்றேன், பயந்துக்கிட்டு போகாம இருக்கறவங்களுக்காக. காலத் தூக்கி வச்சு படுக்க வச்சாங்க, மேல ஒரு ஸ்க்ரீன், என் உடம்ப நானே டிவில பாக்கற மாதிரி. வெளிர் ரோஸ் கலர்ல உருண்டையா ஒண்ணு தெரிஞ்சுச்சு, நடுவுல ஒரு சின்ன ஓட்டை. இதுதான் உங்க கர்ப்பப்பை வாய்ன்னாங்க. ரெண்டு புள்ள வந்த வழி, 44 வருஷத்துல மொத தடவையா பாக்கறேன். அப்புறம் பஞ்சுல ஏதோ நனைச்சு தடவுனாங்க, குப்புன்னு ஒரு வாசனை, வான்டன் மீ நூடுல்ஸ் கடைல பச்சமொளகா ஊற வச்சு வைப்பாங்களே, அதே வினிகர் வாசனை. நெசமாவே அதான், அசெட்டிக் அமிலம். கொஞ்ச நேரத்துல மேல்பக்கமா ஒரு திட்டு வெள்ளையாச்சு, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி. கெட்ட செல்லு இருக்கிற எடம் வெளுக்குமாம். அடுத்து அயோடின், நல்ல செல்லு எல்லாம் காப்பித்தூள் கலருக்கு மாறுச்சு, அந்தத் திட்டு மட்டும் கடுகு மஞ்சளா நின்னுச்சு. அங்கேருந்து ஒரு துளி சதை கிள்ளி எடுத்தாங்க, இருமுங்கன்னாங்க, இருமுறதுக்குள்ள முடிஞ்சுது. வெத்தல பாக்கு அளவு கூட இல்லாத ஒரு திட்டு. வலி இல்ல, வெள்ளப்போக்கு இல்ல, ரத்தம் இல்ல, எந்த அறிகுறியும் இல்ல எனக்கு. வீட்டுக்காரரோட சேந்தப்புறம் ரத்தம் பட்டாலோ மாதவிடாய் நின்னப்புறம் பட்டாலோ ஓடிப்போய் காட்டணும், ஆனா அதுக்காக காத்திருந்தா சில சமயம் லேட்டு லா.

ஒரு மாசம் கழிச்சு லீப்புன்னு ஒரு சின்ன சிகிச்சை, மரத்துப்போக ஊசி போட்டு, கரண்ட் ஓடுற மெல்லிய கம்பி வளையத்தால அந்த எடத்த வழிச்சு எடுத்துட்டாங்க. கால் மணி நேரம். சம்பளத்துலேருந்து வைத்தியத்துக்குன்னு சேர்ற மெடிசேவ் கணக்குலேருந்து கழிச்சுக்கிட்டாங்க. நாலு வாரம் சேரக்கூடாது, கனமா எதயும் தூக்கக்கூடாது, அரிசி மூட்டைய அவரு தூக்கிட்டு வந்தாரு.

அவரப் பத்தி சொல்லணும். ரிசல்ட் வாங்கப் போன அன்னிக்கு அவரும் கூட வந்தாரு, நான் கூப்புடல. ரூம்ல தைரியமா அவரே கேட்டுட்டாரு, டாக்டர் இது எப்ப வந்துச்சுன்னு. அந்தம்மா சீனக்காரங்க, 60 வயசு இருக்கும், கண்ணாடிய கழட்டிட்டு, தெரியாது, எனக்கும் தெரியாது, அவங்களுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, அது நீங்க குடுத்ததாவும் இருக்கலாம்னு சொன்னாங்க. லிஃப்டுல எறங்கும்போது ஒண்ணும் பேசல. கீழ வந்து தே ஓ, அதான் பால் இல்லாத டீ, ரெண்டு வாங்கிட்டு வந்து ஒண்ண என் பக்கம் தள்ளுனாரு, அப்புறமா கல்யாணத்துக்கு முன்னாடி இருந்த ஒரு பழைய கதைய சொன்னாரு. அது அவர் கதை, இங்க எழுத மாட்டேன். எனக்கு கோவம் வரலன்னு சொன்னா பொய், ஆனா அன்னிக்கு ராத்திரி பெட்ரூமுக்கு வந்துட்டாரு. சிகரெட்டு இன்னும் முழுசா விடல, ஜன்னல் ஓரமா புடிக்கறது மட்டும் நின்னுச்சு, இப்ப கீழ எறங்கி நடந்து போய் புடிச்சிட்டு வராரு, மழை வந்தா திட்டிக்கிட்டே.

பொண்ணுக்கு 15 வயசு. செகண்டரி ஒண்ணு படிக்கிறப்ப ஸ்கூல்ல தடுப்பூசி போட்டாங்க, 2019லேருந்து அந்த வகுப்பு பொண்ணுங்களுக்கு அரசாங்கம் ஃப்ரீயா போடுது. அன்னிக்கு கன்சென்ட் ஃபாரத்துல கையெழுத்து போடறதுக்கு நான் நாலு நாள் எடுத்தேன், இந்த வயசுல இதெல்லாம் எதுக்குன்னு. இந்த வயசுலதான் போடணுமாம், வைரஸ் உள்ள வர்றதுக்கு முன்னாடி போட்டாதான் முழு பலன், வந்தத அது தொரத்தாது. ஆனா ஒண்ணு, அவளுக்கு ஸ்கூல்ல போட்டது குறிப்பா அந்த 16, 18 ரெண்டு ரவுடிக்கான ஊசி. எனக்கு வந்த மாதிரி மத்த வகையும் இருக்கறதால 25 வயசானா அவளும் டெஸ்டுக்கு போய்த்தான் ஆகணும். அவகிட்ட எல்லாத்தயும் சொன்னேன். பயாலஜில படிச்சிருக்கேன்மா, உங்க பி53 செத்துப்போச்சு அவ்வளவுதானேன்னு சொல்லிட்டு போன்ல எறங்கிட்டா.

எங்க அத்தைய நெனச்சாதான் சிரிப்பு. வீட்டுக்காரரோட அம்மா, வயசு 66, எங்ககூடத்தான் இருக்காங்க. விஷயம் தெரிஞ்ச அன்னிலேருந்து ரெண்டு வாரம் என்கிட்ட சரியா பேசல, தேக்கா மார்க்கெட்டுக்கு கூட தனியா போனாங்க. 17 வயசுல கல்யாணம், 18ல தலைப்பிள்ளை, மொத்தம் அஞ்சு, மாமா சாகற வரைக்கும் வீட்டுக்குள்ள சுருட்டு. ஒரு தடவ கூட டெஸ்ட் எடுத்ததில்ல. போன ஞாயித்துக்கிழமை வெங்காயம் உரிச்சுக்கிட்டே, என்னப் பாக்காமலே, ஏம்மா, சின்ன வயசுல புள்ள பெத்தா வரும்னு அன்னிக்கு போன்ல யார்கிட்டயோ சொன்னியே, மாதவிடாய் நின்னு போனவங்களும் பாக்கணுமான்னு கேட்டாங்க. ஆமா அத்த, உங்க வயசுக்கும் பாப்பாங்க, பாத்ததே இல்லன்னா கண்டிப்பா பாக்கணும்னேன்.

ரெண்டு வெங்காயம் உரிச்சாங்க.

"மிஸ்ஸி பொம்பளைதானே?"